யோகராணி வீட்டில் ஓர் ஆண்குரல்

அத்தியாயம் 6

அந்தக் குரல் ஓர் ஆணுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த ஆண் யார் என்பதில்தான் சந்தேகம்.

மயூரதன் தன் ஐபோனை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டரின் முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தான். ஃபோனுக்குள் ஓர் ஆள் எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சொற்கள் பிடிபடவில்லை. தண்ணீருக்கு அடியில் நின்று பிரசங்கம் செய்கிறவனின் குரல் போல இருந்தது. நடுவில் ஒரு பெண் சிரித்தாள்.

"கேட்டனீங்களோ?" என்றான் மயூரதன். "அது என்ர சித்தி. சித்தப்பா செத்து இன்னும் ஆறு மாசம் ஆகேல்லை. சிரிக்கிறா."

"சிரிக்கறது குத்தமா?" என்றாள் வைதேகி.

"தனிய இருந்து சிரிச்சால் பைத்தியம், அக்கா. சோடியா இருந்து சிரிச்சால்தான் குற்றம்" என்றான் ஜசிந்தன், கதவோரம் நின்றபடி.

வைதேகியின் அலுவலகம் சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே கருவாட்டு மூட்டை அவிழ்க்கப்படும் நாட்களில் மாடியில் எந்த ரகசியமும் நீண்ட நேரம் பேசப்படுவதில்லை. அவள் திருச்சியிலிருந்து படிக்க வந்தவள். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யாக நொண்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினாள். இலங்கையிலிருந்து படகில் வந்த ஜசிந்தன் ஒரு வருடமாக அவளிடம் உதவியாளன். கையில் இருப்பது தற்காலிகமான பிரிட்ஜிங் விசா, வாயில் இருப்பது நிரந்தர வதிவிட உரிமை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"சித்தி சிரிக்கறதால உங்களுக்கு என்ன நஷ்டம்னு முதல்ல சொல்லுங்க."

மயூரதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். பராமட்டாவில் வீட்டுக் கடன் தரகு செய்கிறவன். தாள்களைத் திருப்பும்போது எங்கே கையெழுத்து வாங்கலாம் என்று விரல் தானாகவே தேடியது. காலில் கூர்மூக்குச் சப்பாத்து.

"சித்தப்பா அரியரத்தினம் எழுதின உயில். சரித்திர வாத்தியார். இஞ்சை வந்து பென்ஷன் எடுத்த பிறகு அவருக்கு ஒரு விசர். பழைய இங்கிலீஷ்காரர் எழுதின உயில்களைத் தேடித் தேடி வாசிக்கிறது. நானூறு வருசத்துக்கு முந்தி எந்த விவசாயி எந்தப் பிள்ளைக்கு எந்தப் பசு மாடு குடுத்தான், எந்தப் பிள்ளைக்கு இறகு மெத்தை குடுத்தான் எண்டெல்லாம். தன்ர உயிலையும் அப்பிடியே எழுதிப்போட்டார். லோயரும் இல்லை, ஒண்டும் இல்லை."

அவன் வாசித்தான். வென்ட்வேர்த்வில் வீட்டில் மனைவி யோகராணி, விதவையாக இருக்கும் காலம் வரை குடியிருக்கலாம். அவள் இன்னொரு துணையைத் தேடிக்கொண்டால், அல்லது அவள் காலத்துக்குப் பிறகு, வீடு மூத்த அண்ணனின் மகன் மயூரதனுக்கும் அவன் மனைவி வசந்தினிக்கும் சேரும். பித்தளைச் சட்டி, இரண்டாம் மெத்தை, கிரைண்டர், மற்றும் எஞ்சிய அனைத்தும் யோகராணிக்கு.

"கிரைண்டரையுமோ?" என்றான் ஜசிந்தன். "மகா பிரபு."

"பாருங்கோ, எவ்வளவு அருமையா எழுதியிருக்கிறார்" என்றான் மயூரதன். "விதவையா இருக்கிற வரைக்கும்! இதுதான் எங்கட பண்பாடு. வெள்ளைக்காரனுக்கு இது விளங்காது."

பண்பாட்டின் மீது கை வைத்துப் பேசுகிற வாடிக்கையாளர்களிடம் வைதேகி கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டுவது வழக்கம்.

"சாட்சிக் கையெழுத்து யாரோடது?"

மயூரதனின் முகம் மலர்ந்தது. "அது ஒரு கதை. கையெழுத்து வைக்கிற அண்டைக்கு, சித்தப்பா பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவனையும், கோயிலில சந்திச்ச ஆரோ ஒருத்தரையும் கூப்பிட்டு இருத்தி வைச்சிருக்கிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. எங்கட குடும்ப விசயத்தில வெளியாக்கள் வந்து கையெழுத்துப் போடுறதோ? அப்ப நாங்கள் ஆர்? வடையைக் குடுத்து ரெண்டு பேரையும் அனுப்பிப்போட்டன். நானும் வசந்தினியும் போட்டனாங்கள். சித்தப்பா ரெண்டு தரம் கேட்டவர், 'தம்பி, நீதானோ போடப்போறாய், நல்லா யோசிச்சனியோ' எண்டு. அவ்வளவு பாசம்."

"கல்யாணத்தில சாட்சிக் கையெழுத்துக்கு அடிபடுற சனம்" என்றான் ஜசிந்தன். "உயிலை விடுமோ?"

"சாட்சி இல்லாமல் நான் ஒண்டும் செய்யிறேல்லை, தம்பி" என்றான் மயூரதன் பெருமையாக. பிறகு வைதேகியிடம் திரும்பினான். "ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிஞ்சு சொந்தக்காரர் எல்லாரும் சித்தி வீட்டுக்குத்தான் சாப்பிட வருவினம். அங்கை வைச்சு நீங்கள் அந்த ஆள் ஆரெண்டு சொல்லவேணும். அதோட சரி. சித்தி எங்கட வீட்டுப் பின்பக்க அறைக்கு வரட்டும். பிள்ளையளைப் பாக்க ஆள் வேணும்தானே. அந்தக் காணியில ரெண்டு வீடு கட்டலாம்."

அவன் போன பிறகு படிகளில் கூர்மூக்குச் சப்பாத்தின் சத்தம் கீழே இறங்கிக் கருவாட்டுக்குள் மறைந்தது.

"ஒரு ஆம்பிளையைக் கண்டுபிடிச்சால் ஒரு மனுசிக்கு வீடு போகும்" என்றான் ஜசிந்தன். "இந்த வேலை எனக்குப் பிடிக்கேல்லை, அக்கா."

"ஆள் இல்லைன்னா இல்லைன்னு சொல்லப்போறோம். இருந்தா இருக்கான்னு சொல்லப்போறோம். வா."

*

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து அதிக தூரமில்லை அந்த வீடு. ஃபைப்ரோத் தகட்டுச் சுவர், பச்சை வாசல், முன்னால் ஒரு சின்னத் தோட்டம். சிட்னியின் மேற்குப் பக்கத்து மதிய வெயிலில் தெரு, யாரோ எழுதத் தொடங்கிப் பாதியில் எழுந்துபோன கதையைப்போல் அசையாமல் கிடந்தது.

ஜசிந்தன் பீட்சா விளம்பரத் தாள்களோடு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து காரில் ஏறினான்.

"ஆம்பிளை இருக்கிறான், அக்கா. வாசல்ல சப்பாத்து. என்ர காலை விடப் பெரிசு. பின்பக்கம் கொடியில நீலச் சேட்டு. மயூரதன் குடுத்த ஃபோட்டோவில இருக்கிற அதே சப்பாத்து, அதே சேட்டு."

"ஃபோட்டோ எப்ப எடுத்தது?"

"போன மாசம்."

"போன மாசம் காயப்போட்ட சட்டை இன்னும் காயலையா?"

ஜசிந்தன் யோசித்தான். பிறகு இறங்கிப் போய் மீண்டும் வந்தான். இந்த முறை நடையில் வேகம் குறைந்திருந்தது.

"சேட்டின்ர தோள் ரெண்டும் வெளிறிப்போச்சு. வெயில் பட்ட பக்கம் வானம், படாத பக்கம் கடல். சப்பாத்துக்குள்ள எட்டிப் பாத்தன். ஒருத்தர் குடியிருக்கிறார்."

"யாரு?"

"சிலந்தி. வலை கட்டி, குடும்பமா. அந்தச் சப்பாத்துக்குள்ள மனுசக் கால் போய்க் கனகாலம்."

"ஆக, சட்டை போடாத, செருப்பு மாட்டாத ஆம்பிளை."

"சாமியாரோ?"

அப்போதுதான் குரல் கேட்டது. குசினி ஜன்னல் திறந்திருந்தது. அதே ஆள், அதே பிரசங்கம், இடையில் பாத்திரம் உருளும் சத்தம். வைதேகி கார்க் கண்ணாடியை இறக்கினாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஜசி, அவன் மூச்சே விடாமப் பேசறான் பாரு. அவங்க ஒரு வார்த்தை பதில் சொல்லலை."

"கலியாணம் கட்டினவையா இருக்கும்."

அவள் இறங்கி நேராகப் போய்க் கதவைத் தட்டினாள். குரல் சட்டென்று நின்றது. பேசிக்கொண்டிருக்கும் மனிதன் அப்படி நிற்க மாட்டான். தொடங்கிய சொல்லை முடித்துவிட்டாவது நிற்பான்.

கதவைத் திறந்த யோகராணிக்கு அறுபது வயது இருக்கலாம். கைகளில் முழங்கை வரை அரிசி மா. அவள் வைதேகியைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற ஜசிந்தனைப் பார்த்தாள்.

"நீ அந்த பீட்சாத் தாள் போட்ட பொடியன்தானே? ரெண்டு தரம் வந்து சப்பாத்துக்குள்ள எட்டிப் பாத்தனி. பசிச்சால் கேக்கிறதுதானே, அப்பன். சப்பாத்துக்குள்ள என்ன கிடக்கப்போகுது? உள்ள வா."

துப்பறியும் தொழிலில் இதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். வைதேகிக்கு அது நினைவுக்கு வரவில்லை. இருவரும் உள்ளே போனார்கள்.

குசினி அந்த வீட்டின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பது யோகராணியின் தொழில். அதற்காகவே புருசன் இருந்த காலத்தில் சுவரை இடித்துப் பெருப்பித்து, கவுன்சிலில் அனுமதியும் வாங்கியிருந்தாள். தட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. கழுவிக் கவிழ்த்த இடத்தில் மட்டும் ஒரே ஒரு கோப்பை, ஒரே ஒரு பிளேட். குளிர்சாதனப் பெட்டியின் மேலே ஒரு பழைய சீடி பிளேயர்.

வைதேகி அதைப் பார்த்தாள். யோகராணி, வைதேகி பார்த்ததைப் பார்த்தாள்.

"சப்பாத்து ஆருடைய, அன்ரி?" என்றான் ஜசிந்தன், வாய் நிறைய இடியப்பத்தோடு.

"பழைய சாமான் விக்கிற ஒப் ஷொப்பில வாங்கினது. சேட்டும் அங்கைதான். தனிய இருக்கிற மனுசி, கள்ளருக்குப் பயம்தானே. வீட்டில ஒரு பெரிய ஆம்பிளை இருக்கிறான் எண்டு நினைக்கட்டும் எண்டு வைச்சிருக்கிறன்." அவள் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினாள். "நீங்கள் ஆரெண்டு கேக்கேல்லை. மயூரதன் அனுப்பினவனோ?"

வைதேகி தன் கார்டை மேசையில் வைத்தாள். "ஆமா, ஆன்ட்டி. பொய் சொல்ல வரலை."

"பொய் சொல்லியிருந்தால் சொதி விட்டிருக்கமாட்டன்." யோகராணி கார்டைத் தொடாமல் வாசித்தாள். "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவினம் எண்டவன். அதுக்குப் பிறகு நான் அவன்ர வீட்டுப் பின்னறையில இருந்து பிள்ளையளுக்கு மூக்குத் துடைக்கவேணுமாம். அந்த அறையில அடுப்பு இல்லை. இடியப்பம் எங்கை அவிக்கிறது? கைச்செலவுக்கு அவன்ர கையையோ பாக்கிறது?"

அவள் குரல் உயரவில்லை. இடியப்ப உரலில் மாவைத் திணித்துக் கொஞ்சம் பலமாகப் பிழிந்தாள், அவ்வளவுதான்.

வெளியே வரும்போது குசினி ஜன்னலுக்குக் கீழே வைதேகி நின்றாள். செவ்வந்திப் பாத்தி நசுங்கிக் கிடந்தது. ஈரம் காய்ந்த மண்ணில் தடங்கள், முனை கூர்மையானவை.

"ராவில மரத்தால இறங்கி ஒரு பொசம் வந்து மிதிச்சுப்போட்டுது" என்றாள் யோகராணி வாசலில் நின்றபடி.

"சப்பாத்துப் போட்ட பொசமோ, அன்ரி?"

"ஒஸ்ரேலியாதானே அப்பன். இஞ்சை எல்லாம் இருக்கும்."

*

காருக்குள் வைதேகி மயூரதன் அனுப்பியிருந்த ஒலிப்பதிவை ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டாள். அவன் அலுவலகத்தில் போட்டுக் காட்டியது ஆரம்பத்தை மட்டும். அவனும் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. உயிலில் தன் பெயர் வரும் வரி வரை வாசித்துவிட்டு மடித்து வைக்கிற ஆள். பதிவோ நீளமாக இருந்தது. நடுவில் யாரோ உள்ளே ஒலியைக் கூட்டியதுபோல் குரல் திடீரென்று தெளிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு கட்டத்தில் உதடு துடித்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி ஜசிந்தனின் காதில் மாட்டினாள்.

ஜசிந்தன் முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு வாயைத் திறந்தான். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்ததில் ஹாரன் அலறி, எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"அக்கா, இதைக் கொண்டுவந்து தந்தது அந்த ஆளேதானே? தன்ர கையால?"

"தன் கையால. பிளாஸ்டிக் உறை போடாததுதான் பாக்கி."

வேலை கொடுத்தவனுக்கு உண்மையை முதலில் சொல்வது வைதேகியின் ஒழுங்கு. அவள் மயூரதனை அழைத்தாள்.

"சார், ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க மட்டும் தனியா வந்து கேட்டுக்கறது நல்லது. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

"தனியவோ? சொந்தக்காரருக்கு முன்னால விசயம் உடையவேணும். இல்லையெண்டால் நான் இட்டுக்கட்டினன் எண்டு கதைப்பினம்."

"இன்னொரு தடவை யோசிங்க. எல்லாரும் இருக்கறப்ப வேணாம்."

"சொன்னன்தானே, மேடம். சாட்சி இல்லாமல் நான் ஒண்டும் செய்யிறேல்லை."

வைதேகி ஃபோனை வைத்தாள். "ரெண்டு தடவை கேட்டாச்சு" என்றாள். "அவரோட சித்தப்பா மாதிரியே."

*

ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் மத்தியானப் பூசை முடிந்து, திருநீறும் பட்டுமாகச் சொந்தக்காரர்கள் யோகராணியின் ஹோலில் நிறைந்தார்கள். கதிரைகள் போதாமல் சிலர் இடியப்பத் தட்டுப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். வசந்தினி புருசனுக்குப் பக்கத்தில், வீட்டின் மேற்கூரையை அளக்கும் கண்களோடு இருந்தாள். யோகராணி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டாள்.

மயூரதன் எழுந்து தொண்டையைச் செருமினான். "எல்லாருக்கும் வணக்கம். மனவருத்தமான விசயம். சித்தப்பா எழுதினபடி, சித்தி விதவையா இருக்கிற வரைக்கும்தான் இந்த வீடு. ஆனால் இஞ்சை ஒரு ஆம்பிளை வந்து போறான். என்னட்டை ஆதாரம் இருக்கு. மேடம், போடுங்கோ."

வைதேகி சின்ன ஸ்பீக்கரை மேசையில் வைத்து, குரல் தெளிகிற இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

"...நேயர்களே, அக்காலத்து ஆங்கிலேய விவசாயி தன் மனைவிக்கு வீட்டின் ஓர் அறையையும், அடுப்பங்கரையில் ஓர் இடத்தையும் எழுதிவைப்பான். ஆனால் அவள் விதவையாக இருக்கும் வரைக்கும்தான். மறுமணம் செய்தால் வெளியே போகவேண்டும். இதை நம் ஊர் வழக்கம் என்று நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. மன்னிக்கவும், இது வெள்ளைக்காரன் வழக்கம்..."

ஹோலில் யாரோ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"இது அரி அண்ணை எல்லே?" என்றார் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர். "ரேடியோவில கதைச்சவர். ஞாயிறு பின்னேரம், தமிழ் நிகழ்ச்சியில. 'செத்தவர் சொத்து' எண்டு. பாட்டுக்கு முன்னால வரும்."

மயூரதன் ஸ்பீக்கரையே பார்த்தான். வீட்டில் சித்தப்பா பேசிக் கேட்ட சொற்கள் மிகக் குறைவு. ரேடியோவில் பேசியதை அவன் கேட்டதே இல்லை.

"சித்தப்பாவோ?" என்றான்.

"ஆமா. இந்த வீட்டுக்கு வந்துபோற ஆம்பிளை அவர் ஒருத்தர்தான்" என்றாள் வைதேகி. "சீடியில. உங்க சித்தி இன்னும் விதவைதான். அது என் முதல் அறிக்கை. ரெண்டாவதை அவரே சொல்வார்."

"...இனிச் சாட்சி விசயம். சாகிறவனின் கட்டிலைச் சுற்றி நின்று கையெழுத்துப் போட்டவர்களே சொத்தையும் வாங்கிக்கொண்டால், அவன் மனம்விட்டுத்தான் எழுதினானா என்று யார் சொல்வது? ஆகவே ஆயிரத்து எழுநூற்று ஐம்பதுகளில் ஆங்கிலேயப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. உயில் நிற்கும். ஆனால் அதில் சாட்சிக் கையெழுத்திட்டவனுக்கு எழுதிய பங்கு மட்டும் செல்லாது. நேயர்களே, சாட்சி வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுங்கள். பிரியமானவர்களை வடை சாப்பிட மட்டும் கூப்பிடுங்கள். இந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளை இன்றும் சிட்னியில் உயிரோடு இருக்கிறது..."

இங்கே, பதிவில், பெண்ணின் சிரிப்பு. அதைத் தொடர்ந்து நாதஸ்வரம் ஒரு வரி. அதற்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்த ஒரு குரல், மிக உற்சாகமாக:

"வீடு வாங்க யோசனையா? கவலையை விடுங்கள்! மயூரதனிடம் சொல்லுங்கள், சாவி உங்கள் கையில்!"

வைதேகி நிறுத்தினாள்.

ஒரு குழந்தை மட்டும் கை தட்டியது. அதன் தாய் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்திருக்கீங்க" என்றாள் வைதேகி. "உங்களுக்கு முன்னாடி அவர் பேசினதை மட்டும் நீங்க கேக்கலை. உயில்ல சாட்சி நீங்களும் உங்க மனைவியும். பங்கும் உங்க ரெண்டு பேருக்கும்."

வசந்தினி மெதுவாகப் புருசன் பக்கம் திரும்பினாள். "நான் அண்டைக்குச் சொன்னனான்தானே? அந்தக் கிரேக்கத் தாத்தா போடட்டும் எண்டு. எனக்குக் கையில மருதாணி. நீங்கள்தான் கையைப் பிடிச்சுப் போடவைச்சது."

"கோர்ட்டுக்குப் போவன்!" மயூரதனின் முகம் திருநீற்றை விட வெளுத்திருந்தது. "முந்நூறு வருசத்துப் பழைய சட்டத்தை வைச்சு..."

"போகலாம்" என்றாள் வைதேகி. "இப்ப சட்டம் கொஞ்சம் இளகியிருக்கு. இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு லாயர்கிட்ட கேட்டுக்கிட்டேன். அவர் தெரிஞ்சே, மனசாரத்தான் உங்களுக்குக் கொடுத்தார்னு கோர்ட் நம்பினா, பங்கு பிழைக்கும். ஆனா ஜட்ஜ் ஒரு கேள்வி கேப்பார். இந்த விதியை ரேடியோவுல ஊருக்கே சொன்ன மனுஷன், வெளியாளை வரவழைச்சு உக்காரவச்ச மனுஷன், எதுக்கு உங்களைக் கையெழுத்துப் போட விட்டார்? நல்லா யோசிச்சியான்னு எதுக்கு ரெண்டு தடவை கேட்டார்?"

சித்தப்பா அன்று பேனாவை நீட்டிக்கொண்டு தன் முகத்தையே பார்த்தது மயூரதனின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் கை கார்ச் சாவியைத் தேடியது.

"அப்ப வீடு ஆருக்கு?" என்றார் பெட்டியின் மேல் இருந்தவர்.

"'எஞ்சிய அனைத்தும் யோகராணிக்கு' எண்டு கிடக்கே" என்றான் ஜசிந்தன். "பித்தளைச் சட்டி, இரண்டாம் மெத்தை, கிரைண்டர். அதோட இப்ப ஒரு வீடும் எஞ்சிப்போச்சு."

மயூரதனின் கார் புறப்பட்டுப் போனது. சொந்தக்காரர்கள் அவன் பக்கமா, இவள் பக்கமா என்று முடிவு செய்ய முடியாமல், சாப்பாட்டின் பக்கம் சேர்ந்தார்கள்.

*

எல்லாரும் போன பிறகு யோகராணி மேசையைத் துடைத்தாள். ஜசிந்தன் நாலாவது தரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அன்ரி, ஒரு சட்டச் சந்தேகம். நீங்கள் இப்ப மறுமணம் செய்தால்?"

"வீடு போயிடும்" என்றாள் வைதேகி. "ஆன்ட்டிகிட்டேயிருந்து, எஞ்சினது யாருக்கோ அவங்களுக்கு. அதாவது ஆன்ட்டிக்கு."

"அப்ப தாராளமாச் செய்யலாம்."

"போடா விசரா" என்றாள் யோகராணி. ஆனால் அதைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்ததுபோலத்தான் இருந்தது.

வைதேகி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்த சீடி பிளேயரைப் பார்த்தாள். பக்கத்தில் அரியரத்தினத்தின் நிகழ்ச்சிகள், பெட்டி பெட்டியாக.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை சீடி இருக்கு. அன்னிக்கு மட்டும் சரியா சாட்சி நிகழ்ச்சி எப்படி ஓடிச்சு? நடுவுல சத்தம் வேற கூடுது."

யோகராணி துணியைப் பிழிந்தாள்.

"அண்டைக்கு ஜன்னலால பாத்தனான். செவ்வந்திக்குள்ள குந்திக்கொண்டு ஃபோனை நீட்டிக்கொண்டு இருக்கிறான். கண்டவுடன ஒருக்கால் சிரிச்சுப்போட்டன். என்ர செவ்வந்தி முழுக்க அவன்ர சப்பாத்துக்குக் கீழ. முதல்ல விவசாயியும் பசு மாடும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் சொன்னதை ஒருநாளும் காது குடுத்துக் கேக்காதவன், இண்டைக்குத்தானே தவம் கிடக்கிறான், கேக்கட்டும் எண்டு அந்த சீடியை மாத்திப் போட்டன். சத்தத்தையும் கூட்டினன். அடுத்தது அவன்ர விளம்பரம் எண்டு நினைச்சவுடன எனக்குத் திரும்பவும் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு."

"அப்ப உங்களுக்கு எல்லாம் முதல்லயே தெரியும்" என்றான் ஜசிந்தன். இடியப்பம் வாய்க்கும் பிளேட்டுக்கும் நடுவில் நின்றது.

"நான் சொல்லியிருந்தால் என்ன சொல்லுவினம்? புருசன் செத்த கையோட மனுசி வீட்டுக்கு அலையிறாள் எண்டு. அவனே ஆள் பிடிச்சு, சொந்தக்காரரைக் கூப்பிட்டு, சாட்சி வைச்சுச் சொல்லவைச்சான். சித்தப்பாவிட்டை இருந்த அந்தப் பழக்கம் அவனிட்டையும் இருக்கு. எல்லாம் முறைப்படி."

வைதேகி முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். தன்னை ஒரு வாரமாக வேலைக்கு வைத்திருந்தது யார் என்று இப்போதுதான் தெரிந்தது.

வாசலில் ஜசிந்தன் அந்தப் பெரிய சப்பாத்துகளை ஏக்கத்தோடு பார்த்தான். "அன்ரி, இனி இது தேவையில்லைத்தானே? எனக்குப் பூர்வீகச் சொத்தெண்டு இருக்கிறது ஒரு பிரிட்ஜிங் விசா மட்டும். சிலந்தியோட சேர்த்து எழுதித் தந்தாலும் ஏற்பன்."

"சாட்சிக் கையெழுத்துப் போட்டிடாதை, பிறகு கிடையாது" என்றாள் யோகராணி. பிறகு குனிந்து சப்பாத்துகளைத் தானே தூக்கினாள். அவனிடம் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவின் உட்பக்கம், விருந்தாளிகள் உட்காரும் கதிரையைப் பார்த்தபடி வைத்தாள்.

"கள்ளன் வெளியால இருந்துதான் வருவான் எண்டு நினைச்சு, இவ்வளவு நாளும் பிழையான பக்கத்தில வைச்சிருந்திட்டன்."